முத்தியால்பேட்டை தெருக் குழு

செல்வி: கோடிவீட்டுப் பெரியவர் பேரனும் கூடப் படிச்ச பையனும் பிரான்ஸ்ல பாரீஸ் பக்கம் கத்திக்குத்துல போயிட்டாங்க. திங்கக்கிழமை உடம்பு வந்துடும்னு பந்தலுக்குச் சொல்லியிருக்காங்களே, வருமா மாமா?

ரவி மாமா: வராது. பந்தலை நிறுத்தச் சொல்லும்மா. கொலைக்கேஸ்ல உடம்பு ப்ரொக்யூரர், அதாவது அங்கத்து அரசு வக்கீல் பொறுப்பு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு அவர் அடக்க அனுமதி தந்தாத்தான் வீட்டாருக்கு.

செல்வி: அங்கேயே எரிச்சுட்டு சாம்பலை எடுத்துட்டு வந்தா?

ரவி மாமா: எரிக்கறதுக்கும் அவர் அனுமதி வேணும். எதிர்த்தரப்பு மறு போஸ்ட்மார்ட்டம் கேட்டா சாம்பல்ல என்னத்த பாக்கறது? அதனால லேசுல தரமாட்டாங்க.

அந்தோணி: டிக்கெட்டுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. இறப்புப் பதிவு நகல், எம்பாமிங் (உடம்பு கெடாம பதப்படுத்தறது) சர்ட்டிபிகேட், பெட்டிக்கு சீல் வச்ச பத்திரம், ப்ரெஃபெக்சூர் (அங்கத்து மாவட்ட அரசு ஆபீஸ்) அனுமதி, இந்தியத் தூதரகக் கடிதம். இந்தியப் பாஸ்போர்ட்னா தூதரகம் ரத்து பண்ணித் தரும். சென்னை ஏர்போர்ட் ஹெல்த் ஆபீசர் அனுமதியை இ-கேர்ங்கற இந்திய அரசுத் தளத்துல முன்கூட்டியே போடணும். பெரும்பாலும் மாட்டறது பேர்லதான். முருகனுக்கு அங்க ஓ-யூ போட்டு எழுதுவாங்க, இங்க ஆதார்ல வெறும் யூ. கார்கோவுல கையெழுத்து போடப்போறவர் பேரை ஆதார்படி எழுத்துக்கூட்டி இன்னிக்கே அனுப்புங்க.

செல்வி: முகத்தையாவது பாக்கணும்னு பாட்டி அழுவுது அண்ணா.

அந்தோணி: கண்ணாடி வச்ச பெட்டி வேணும்னு அங்கேயே கேட்கணும். உள்ள இருக்கற துத்தநாகத் தகட்டை ஈயம் பத்தவச்சு மூடிட்டா அப்புறம் வழியில்லை. வீட்ல வெட்டித் திறக்கவே கூடாது, போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு கசியும். கருவடிக்குப்பத்துல மின்சாரத்துல எரிக்கறதா இருந்தா துத்தநாகத்தோட தள்ள முடியாது. தகரம் வெட்டற கத்தரியோட ஒரு ஆளை அங்கே நிக்கச் சொல்லுங்க. பெட்டியோட 150 கிலோவுக்கு மேல போகும், தூக்க ஆறு பேர். சின்ன வேன் அனுப்பாதீங்க.

குமார்: (வீடியோ)

ரவி மாமா: குமாரு, அதை உடனே அழி. அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களும் இந்தக் குழுவுல இருக்காங்க.

செல்வி: வக்கீலுக்குச் செலவு எவ்வளவு ஆகும்?

ரவி மாமா: கொலையானவங்க வாரிசுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. அங்க பாதிக்கப்பட்டவங்களுக்கான உதவி எண் 116 006 அடிச்சா வழி சொல்லுவாங்க. நஷ்டஈடு தனி: சிவின்னு கோர்ட்ல ஒரு கமிஷன், சம்பவத்துலேருந்து 3 வருஷத்துக்குள்ள மனு. கேஸ் இழுத்துச்சுன்னா கடைசித் தீர்ப்புக்கு அப்புறம் 1 வருஷம். தாத்தா பாட்டியும் கேட்கலாம், உறவைக் காட்ட லிவ்ரே (பிரெஞ்சு குடும்பப் பதிவுப் புத்தகம்) வேணும்.

செல்வி: பெரியவர் வீட்டு லிவ்ரே, 4 பக்கம். (படம்)

அந்தோணி: மூணாவது பக்கம் மங்கலா இருக்கும்மா. வாசல் வெளிச்சத்துல வச்சு இன்னொரு தடவை எடு.