புதுப்பிப்பு: எறும்புக்குப் போன அரைக்கீரை விதை

இரண்டு மாதம் முன்பு, மாடித் தொட்டியில் விதைத்த அரைக்கீரை ஒன்றுகூட முளைக்கவில்லை, எல்லாம் எறும்புக்கே போகிறது என்று புலம்பியிருந்தேன். பாதிப் பழிதான் எறும்புக்கு. கடுகைவிடச் சின்ன விதையை ஒரு விரல் ஆழத்தில் புதைத்தது நான்தான்.

இந்த முறை ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாகத் தடவிவிட்டதோடு சரி. தொட்டியைச் சுற்றி ஒரு கைப்பிடி நொய் போட்டேன். எறும்புகள் நொய்யைத் தூக்கிக்கொண்டு போக, விதை தப்பியது. தண்ணீர் பூவாளியில்தான், குவளையில் ஊற்றினால் விதை முழுக்க ஒரு மூலைக்கு ஓடிவிடுகிறது. 4ஆம் நாள் காலையில் பார்த்தால், நூல் நூலாகச் சிவப்புத் தண்டுகள்!

குச்சி நட்டு வைத்த தவசிக்கீரை என்ன ஆயிற்று என்றும் கேட்டிருந்தீர்கள். குச்சி துளிர்த்துவிட்டது. ஆனால் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் உடல் இளைக்க அந்தப் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டது. நான் சாம்பாரில் வேகவைத்துத்தான் போடுகிறேன்.

அப்புறம், அரைக்கீரையைப் பிடுங்காமல் கிள்ளினேன். கடைந்ததில் ஒரு கிண்ணம் தேறியது. “இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார் மாமியார். கணுக்களில் அடுத்த துளிர் வந்திருக்கிறது.