குழந்தைக்கு 4 மாசம்: காப்பர் டி-யா, சாயா கருத்தடை மாத்திரையா?

மேலூர்ப்பொண்ணு:
சிசேரியன் ஆகி 4 மாசம். இன்னும் மாதவிடாய் வரல. தாய்ப்பால்தான், மதியம் மட்டும் பவுடர் பால். ரத்தத்துல ஹீமோகுளோபின் 9.2. அடுத்ததுக்கு 3 வருஷம் இடைவெளி வேணும். நர்சம்மா, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி போடச் சொல்றாங்க. அத்தையோ, பால் கொடுக்கிறவரை கரு நிக்காதுங்கிறாங்க. எது சரிப்படும்?

வைகைக்கரை:
அத்தை சொல்றது பாதிதான் சரி. 6 மாசத்துக்குள்ள, மாதவிடாய் வராம, ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே. மூணும் சேர்ந்தாத்தான் நம்பலாம். பவுடர் பால் வந்ததுமே அந்தக் கணக்கு போச்சு. முதல் மாதவிடாய்க்கு முன்னாடியே கருமுட்டை வெளியாகிடும். அதனால இன்னையில இருந்தே ஆணுறை.

காப்பர் டி-க்கு சிசேரியன் தடையில்லை, 6 வாரம் தாண்டிட்டீங்க. அதுல 380ஏ ரகம் 10 வருஷம், 375 ரகம் 5 வருஷம் வரும். வேண்டாம்னா எப்ப வேணா எடுத்துக்கலாம். ஆனா முதல் 3–6 மாசம் உதிரப்போக்கு கூடும். 9.2-க்குப் போடவே கூடாதுன்னு இல்ல, இரும்புச்சத்து மாத்திரையை விடக் கூடாது. தினமும் போடுற ஹார்மோன் மாத்திரை மாலா-என் இப்ப வேண்டாம், பால் குறையும்.

திருமங்கலம்_செவிலி:
ரத்தம் குறைவுங்கிறதால என் ஓட்டு சாயாவுக்கு. ஹார்மோன் இல்ல, பாலுக்கும் கெடுதல் இல்ல. மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும், அவ்வளவுதான்; 15 நாளுக்கு மேல தள்ளினா மட்டும் கர்ப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

எல்லாரும் தடுமாறுறது கிழமையில. முதல் மாத்திரை ஞாயிறுன்னா அடுத்தது புதன். 3 மாசம் ஞாயிறும் புதனும், அப்புறம் ஞாயிறு மட்டும். காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டுருங்க. மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு, பழைய கிழமையிலேயே தொடரணும்; அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் வேணும். 7 நாள் தாண்டிட்டா மறுபடி முதல்ல இருந்து, வாரம் ரெண்டு. சினைப்பையில நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கும், சமீபத்துல மஞ்சக்காமாலை வந்தவங்களுக்கும் இது ஆகாது.

மேலூர்ப்பொண்ணு:
மாதவிடாயே வரலயே, எந்த நாள்ல ஆரம்பிக்கிறது அக்கா?

திருமங்கலம்_செவிலி:
கர்ப்பம் இல்லன்னு உறுதியானா எந்த நாளும் ஆரம்பிக்கலாம்மா. கடைசியா பாதுகாப்பு இல்லாம சேர்ந்து 3 வாரம் ஆனபிறகு பார்த்தாத்தான் கர்ப்ப டெஸ்ட்டை நம்பலாம்.

உசிலை72:
கிழமை ஞாபகம் வைக்கவே முடியாதுன்னா காப்பர் டி-தான். 3 மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா கருத்தடை ஊசியும் இருக்கு. போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, ஒத்தடமும் கூடாது. மருந்து சீக்கிரம் கரைஞ்சு பலன் குறைஞ்சிடும். கடைசி ஊசிக்கு அப்புறம் கரு தங்க 7–10 மாசம் ஆகலாம், அதையும் உங்க 3 வருஷத்துல கழிச்சுக்கோங்க. இதுக்கெல்லாம் மதுரை பெரியாஸ்பத்திரி வரை அலைய வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேளுங்க. காசு கிடையாது.