ஜார்ஜ்: அரசனா, உழவனா?

கனியன்:
பெயர் அகராதித் தளம் ஒன்றில் ஜார்ஜ் என்றால் ‘அரசன்’, இன்னொன்றில் ‘உழவன்’. எது சரி? யூரி, வர்கீஸ், ஜெர்ரி மூன்றும் இதன் திரிபுகள் என்கிறார்களே? ஜார்ஜியா நாட்டுக்கும் இதுதான் வேரா?

ஏர்முனை:
உழவன்தான். கிரேக்கத்தில் ‘கே’ மண், ‘எர்கோன்’ வேலை. சேர்ந்தால் ‘கெயோர்கோஸ்’, மண்ணில் பாடுபடுகிறவன். அதிலிருந்து வந்த ஆட்பெயர் கெயோர்கியோஸ். ஏதென்ஸில் சீயஸ் கடவுளுக்கே ‘கெயோர்கோஸ்’ என்ற அடைமொழி உண்டு. ஆனால் மனிதர்களிடையே பெயர் பரவக் காரணம் புனித ஜார்ஜ். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், 303 வாக்கில் கொல்லப்பட்டதாக மரபு சொல்லும். அவர் கல்லறை இருப்பதாகக் கருதப்படும் இடம் லித்தா, இன்றைய இஸ்ரேலின் லோத் நகரம்.

‘அரசன்’ என்பது பொருளே அல்ல. இங்கிலாந்து அரசர்களால் ஒட்டிக்கொண்ட வாசனை. அங்கே மூன்றாம் எட்வர்ட் 1348-இல் கார்ட்டர் என்ற உயர் வீரப்பட்ட அணியைத் தொடங்கி, இந்தப் புனிதரைக் காவலராக வைத்தார். அப்போதும் பிள்ளைகளுக்கு அதிகம் சூட்டவில்லை. 1714-இல் ஹானோவர் வம்சத்து முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறிய பிறகே பெயர் பெருகியது. ஆறாம் ஜார்ஜுக்கோ முதற்பெயர் ஆல்பர்ட். 1936-இல் பதவிக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது ஜார்ஜ்.

ஒலிமரபு:
திரிபுகளுக்கு எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைப் பாருங்கள். பிற்காலக் கிரேக்கத்தில் ‘எ’ ஒலிக்கு முன்னால் வரும் ககரம் யகரமாகிவிட்டது. இன்றைய உச்சரிப்பு ‘யெயோர்யியோஸ்’. ரஷ்யாவில் கியோர்கி, யூரி, யெகோர் மூன்றும் ஒரே பெயர்தான், மூன்றையும் தனித்தனிப் பெயராகவே சூட்டுகிறார்கள். வர்கீஸ் வந்த வழி வேறு: கிழக்குத் திருச்சபைகளின் மொழியான சுரியானி வழியாகக் கீவர்கீஸ், பிறகு முதலசை உதிர்ந்து வர்கீஸ். வர்க்கியும் அதே. செக்கில் யிர்ஷி, போலிஷில் யெஜி, ஸ்பானியத்தில் ஹோர்ஹே.

ஜெர்ரியை இதில் சேர்க்காதீர்கள். அது ஜெரால்ட், ஜெரமி போன்ற பெயர்களின் சுருக்கம்.

ஏர்முனை:
ஜார்ஜியாவில் பலர் இடறுவார்கள். அந்நாட்டார் தம் நாட்டைச் சகார்த்வெலோ என்பார்கள். வெளியார் வைத்த பெயர் பாரசீக ‘குர்ஜ்’ வழி வந்தது. புனிதர் கதை பின்னால் ஒட்டியது. அமெரிக்க மாநிலமான ஜார்ஜியா மட்டும் உண்மையிலேயே ஜார்ஜ் பெயரில் உள்ளது: 1732-இல் இரண்டாம் ஜார்ஜ் அளித்த பட்டயம்.

கனியன்:
ஜெர்மானிய யூர்கன்? யோகானின் (ஜான்) திரிபு என்று ஒரு தளம் சொல்கிறது.

ஒலிமரபு:
தவறு. யூர்கன் வடஜெர்மன் பேச்சில் கியோர்க்தான். யோகானுக்கு அங்கே வரும் வடிவம் யான்.