கன்ட்ரோல் எஃப்9 தட்டினேன், எல்லாம் போச்சு: வேற சிஸ்டத்து சாஃப்ட்வேரை ஓட்டி மாட்டின கதைகள்

கடைசிபெஞ்ச்:
2013, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் எக்ஸாம். லேப்ல புதுசா வந்து இறங்கினதெல்லாம் 64 பிட் விண்டோஸ் 7. சி புரோகிராம் எழுதி ஓட்டுற பழைய டர்போ சி++ அதுல நேரா ஓடாது, பழைய டாஸ் பிசி மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸுக்குள்ள வச்சுக் கொடுத்திருந்தாங்க. அதே நீலத் திரை, அதே மஞ்சள் எழுத்து, வித்தியாசமே தெரியல. ஜிசிசி-ன்னு வேற கம்பைலரும் இருந்துச்சு, ஆனா அதுல ஓடாத கிளியர்ஸ்க்ரீன் வரி (திரையைத் துடைக்கிற கட்டளை) இல்லாத புரோகிராமை எங்க மேடம் புரோகிராம்னே ஒத்துக்க மாட்டாங்க.

டபுள் லிங்க்டு லிஸ்ட். ஒன்றேகால் மணி நேரம் அடிச்சேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து பின்னால நின்னு, "ரன் பண்ணுங்க" என்றார். வீட்டு எக்ஸ்பி மெஷின்ல பழகின விரல், தானா கன்ட்ரோல் எஃப்9 தட்டிருச்சு. விண்டோவே காணோம். டெஸ்க்டாப் வால்பேப்பர் பல்லிளிக்குது. டர்போ சி-யில் அது ரன். டாஸ்பாக்ஸுக்கோ அதுதான் கடையைச் சாத்துற கீ. நடுவுல ஒரு தடவைகூட எஃப்2 தட்டி சேவ் பண்ணல. எக்ஸ்டர்னல் மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அவுட்புட் எங்கப்பா?" என்றார். இப்பவும் ராத்திரி அந்தக் குரல் கேக்குது.

மைதீராத_பிரிண்டர்:
லினக்ஸ்ல விண்டோஸ் சாஃப்ட்வேரை ஓட்டுற வைனும் டாஸ்பாக்ஸ் மாதிரி வேற மெஷினா நடிக்கிற ஒரு எமுலேட்டர்தானே, அதுல நான் பட்டது இது. டிடிபி கடை. வர்ற கஸ்டமர் பென்டிரைவ் எல்லாத்திலயும் வைரஸ். வெறுத்துப்போய் உபுண்டு லினக்ஸ் போட்டு, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரை வைன்ல ஏத்தினேன். அழகா ஓடுச்சு. ஃபைல் திறக்கும்போது ஃபான்ட் இல்லைன்னு ஒரு பெட்டி வந்தா ஓகே தட்டுறது நம்ம தொழில் பழக்கம்.

கல்யாணப் பத்திரிகை, 500 கார்டு. முகப்பு, முகூர்த்த நேரம் எல்லாம் சரி. கீழே "தங்கள் நல்வரவை நாடும்" வரி மட்டும் பாமினி ஃபான்ட், இங்கிலீஷ் எழுத்தையே தமிழா வரைஞ்சு காட்டுற பழைய வகை. அந்த ஃபான்டை வைனோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போடல. மெய்யெழுத்துல புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் செமிகோலன், நடுவுல அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்து. நானும் பார்க்கல, மெஷின்காரரும் பார்க்கல. பொண்ணோட அப்பா ஒரு கார்டை எடுத்து, அந்த வரியை விரலால தடவித் தடவிப் பார்த்தார். திட்டவே இல்ல. "இது என்ன தம்பி, வேற பாஷையா?" என்றார். திட்டியிருக்கலாம்.

வேர்_அனுமதி:
முதல்ல ஒரு திருத்தம். வைன் எமுலேட்டர் இல்லை, "வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்"னு பெயரோட விரிவே அதைத்தான் சொல்லுது. விண்டோஸ் நிரல் கேட்கிறதை லினக்ஸுக்குப் புரியுற மாதிரி மாத்திக் கொடுக்குது, அவ்வளவுதான். டாஸ்பாக்ஸ்தான் பழைய பிசியையே மொத்தமா நடிச்சுக் காட்டுது. 1993-ல ஆரம்பிச்ச வைன் 1.0-ஐத் தொடவே 2008 ஆச்சு. அந்த உழைப்பை இப்படி ஒரே வார்த்தையில தள்ளாதீங்க.

அடுத்தது, வைரஸுக்குப் பயந்து வைனுக்கு வந்தேங்கிறீங்க. வைனுக்குள்ள இசட் டிரைவ்னு தெரியுறது உங்க லினக்ஸ் டிஸ்க் முழுசும்தான். விண்டோஸ் வைரஸை வைன்ல தட்டினா உங்க ஹோம் ஃபோல்டர்ல கை வைக்கும். வைனோட செட்டிங்ஸான வைன்கான்ஃபிக்ல அந்த டிரைவை எடுத்துடுங்க. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனி பிரிஃபிக்ஸ் (வைனோட தனி ஃபோல்டர்) வைங்க, ஒண்ணு கெட்டா மத்தது தப்பிக்கும். பேஜ்மேக்கர் மாதிரி 2001-லயே கடைசிப் பதிப்பு வந்து நின்னதுக்கு விர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) எக்ஸ்பி போடுறது இன்னும் நல்லது. அப்புறம் கடைசிபெஞ்ச், டாஸ்பாக்ஸ்ல கன்ட்ரோல் எஃப்1 தட்டினா கீமேப்பர் வரும். அதுல அந்தக் கீயை மாத்தி சேவ் பண்ணியிருக்கலாம்.

என் கதை சின்னது. அப்பாவுக்கு வைன்ல ஜாதக சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன், லக்னம் தப்பா வந்துச்சு.

எடைமேடை:
நடிக்குதா மொழிபெயர்க்குதான்னு லாரிக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க சார். கரும்பு சீசன், கேட் வரைக்கும் வண்டி நிக்குது. எடை மேடை சாஃப்ட்வேர் பழைய விஷுவல் பேசிக் 6-ல எழுதினது, வைன்ல ஓடுது. மேடையில இருந்து வர்ற சீரியல் கேபிளை யுஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டி, அதை வைன்ல காம்1 போர்ட்னு இணைச்சிருந்தேன். ஒரு மாசம் பிரச்சனையே இல்ல.

யாரோ காலால இடறி வயர் கழண்டுருச்சு. திரும்பக் குத்தினேன். சாஃப்ட்வேர் பழைய போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டே இருந்ததால லினக்ஸ் அதுக்கு அடுத்த நம்பரைக் கொடுத்துருச்சு. திரையில முன்னாடி போன காலி வண்டியோட எடை அப்படியே உறைஞ்சு நிக்குது, மேடை மேல முழு லோடு. நான் கவனிக்காம சீட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டேன். டிரைவர் படிச்சுட்டு இறங்கி வந்தார். "அண்ணே, நான் கரும்பு ஏத்திட்டு வந்தேனா, காத்து ஏத்திட்டு வந்தேனா?" வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. அப்புறம் கழட்டி மாட்டினாலும் பெயர் மாறாத, லினக்ஸோட பை-ஐடிங்கிற வழிக்கு இணைச்சேன், அது வேற விஷயம்.

கடைசிபெஞ்ச்:
கீமேப்பர் யோசனைக்கு நன்றி வேர்_அனுமதி, ஒரே ஒரு அரியர் லேட். அந்த லக்னம் என்ன ஆச்சு?

வேர்_அனுமதி:
டைம்ஸோன். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போயிருந்துச்சு. அதுக்குள்ள அப்பா என் ஜாதகத்தை மூணு வீட்டுக்கு அனுப்பிட்டார்.