மீமுரேக்கு ஒரு பஸ் நிறையப் போகலாமா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு

டிசம்பர் விடுமுறையில் ஐம்பது பேரை ஒரே பஸ்ஸில் மீமுரேக்கு அழைத்துச் செல்லலாம் என்பது என் முன்மொழிவு. செங்கலடியால் ஏறி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவுகளையும் ஏறி, ஹுன்னஸ்கிரியவில் திரும்பினால் நக்கிள்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறிய சிங்களக் கிராமத்துக்கு வழி கிடைக்கும். அருவியில் குளித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, இரவே திரும்பிவிடலாம். தனியாக வான் பிடிக்க வசதியில்லாத குடும்பங்களும் மலையையும் காட்டையும் பார்க்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடி வாசகி

அண்ணன், உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் காலமும் முறையும் இரண்டுமே பிழையானவை. நமது வாவியைப் பெருகச் செய்யும் அதே மாரி மழைதான் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளிலும் டிசம்பரில் கொட்டுகிறது. அப்போது ஓடை சில நிமிடங்களிலேயே பெருகிவிடும், மண் சரியும், வழுக்குப் பாறையில் நிற்கும் பிள்ளையை யாராலும் பிடிக்க முடியாது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஒடுங்கிய மலைப்பாதை இருக்கிறது. அதில் பெரிய சுற்றுலா பஸ்ஸைக் கொண்டுபோய், இருட்டிய பிறகு களைத்த சாரதியைத் திரும்பி ஓட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐம்பது பேர் சவர்க்காரமும் ஷாம்புவும் போட்டுக் குளிக்கும் நீர், கீழே இருப்பவர்கள் குளிப்பதற்கும் வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் எடுக்கும் நீர். நம் கிணற்றடியில் வெளியூர்க் கூட்டமொன்று வந்து அப்படிச் செய்தால் நாம் பொறுப்போமா?

அக்கரைப்பற்று ஆசிரியர்

மகள் சொல்லும் மழை உண்மை. ஆனால் கூட்டம் வேண்டாம் என்று சொல்லும்போது அந்தக் கிராமத்தவரின் வருமானத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அங்குள்ளவர்கள் நெல், மிளகு, பாணி எடுக்கும் கித்துள் மரம் ஆகியவற்றோடு ஏலக்காயையும் நம்பி வாழ்ந்தவர்கள். ஏலத்துக்காகக் காட்டின் கீழ்ச்செடிகள் வெட்டப்பட்டன, காயை உலர்த்துவதற்கு மரங்கள் எரிக்கப்பட்டன. ஆகவே வனத்துக்குள் ஏலப் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது, 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இலை போன்ற மூக்குடைய ஓணான் ஒன்று இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதபோது, அந்தப் பாதுகாப்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் காட்டைக் காப்பதற்காக ஒரு தொழிலை இழந்தவர்களிடம், பார்க்க வருபவர்களும் வேண்டாம் என்று சொல்வது நியாயமாகுமா?

களுவாஞ்சிக்குடி வாசகி

சேர், வருபவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணனின் திட்டத்தில் அரிசி, கோழி, தண்ணீர்ப் போத்தல் எல்லாமே மட்டக்களப்பிலிருந்து போகின்றன. கிராமத்துக்கு மிஞ்சுவது பொலித்தீனும் அடுப்புக் கரியும் மட்டுமே. இரவு அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அந்த ஊர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டு நடந்து, கித்துள் பாணியும் மிளகும் வாங்கி வந்தால்தான் நீங்கள் சொல்லும் வருமானம் அவர்கள் கைக்குப் போகும். ஒரு பகல் மட்டும் நிற்கும் பஸ் அதைச் செய்யாது.

வாவிக்கரையான், மட்டக்களப்பு

தங்கச்சி, மழையைப் பற்றிய வாதத்தை ஏற்று டிசம்பரைக் கைவிடுகிறேன். ஆனால் தங்கும் செலவு சேரும்போது யார் முதலில் விலகுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூலி வேலை செய்பவரும், மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் தாயும்தான். வசதியுள்ளவர்கள் எப்படியும் போய் வருவார்கள்.

களுவாஞ்சிக்குடி வாசகி

அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஓகஸ்டில் அருவி மெலிந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கத்துப் பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும், அட்டைத் தொல்லையும் குறையும். இரண்டு சிறிய வான்களை எடுத்து, வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் கொடுத்து, அந்தத் தாயின் பங்கை நாமே சேர்த்துக் கட்டுவோம். என் வீட்டுப் பங்கை இப்போதே இரட்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். குளிக்கும் இடத்தை மட்டும் கிராமத்தவரே காட்டட்டும், சவர்க்காரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியர்

அப்படியானால் தங்கும் வீட்டாரோடு சிங்களத்தில் பேசி ஒழுங்கு செய்யும் பொறுப்பை நான் எடுக்கிறேன். ஐம்பது என்ற எண்ணிக்கையை யார் எப்படிக் குறைப்பது என்பதை மட்டும் தம்பி முதலில் சொல்லட்டும்.