நாள் முழுக்க கடையில் நிற்கிறேன். கலோரி ஆப்பில் எந்த உழைப்பு அளவைத் தேர்ந்தெடுப்பது?

சேலைப்பிரிவு:
வணக்கம். எனக்கு வயது 36, உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. பகல் பத்து முதல் ராத்திரி ஏழரை வரை, நடுவில் அரை மணி சாப்பாட்டு நேரம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஐந்தாறு கிலோ குறைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை எதுவும் தரவில்லை.

கலோரி ஆப் ஒன்றை இறக்கினேன். எடுத்தவுடனே நீங்கள் எவ்வளவு உழைப்பவர் என்று கேட்கிறது. ‘உட்கார்ந்த வேலை’ என்று போட்டால் ஒரு நாள் செலவு 1613 கலோரி என்கிறது. ‘கடும் உழைப்பு’ என்றால் 2318. எழுநூறு கலோரி வித்தியாசம், கிட்டத்தட்ட என் மதியச் சாப்பாடு. எதைப் போடுவது?

வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்கும், அதனால் நடந்த கணக்கு அதில் ஏறாது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கும், இறங்கிக் கடைக்கும் போக வர ஒரு மணி நேரம் நடை. மேல்மாடி குடோனிலிருந்து சேலைக்கட்டு எடுத்து வருவது, விரித்துக் காட்டுவது, மறுபடி மடித்து அடுக்குவது, கூட்டம் இல்லாதபோது கவுன்டரில் நிற்பது, இதுதான் வேலை. காலையில் சமையலும் வீட்டு வேலையும் நான்தான். இன்னொன்று: கடையில் இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் கலோரி செலவு குறைந்துவிடுமா?

கோடம்பாக்கம்கார்த்தி:
யோசிக்காமல் ‘உட்கார்ந்த வேலை’ என்று போடுங்க சிஸ்டர். எல்லாரும் தங்கள் உழைப்பைக் கூட்டித்தான் சொல்வார்கள். குறைத்துப் போட்டால் எடை நிச்சயம் இறங்கும். நான் ஐடி வேலை, அப்படித்தான் போட்டேன், இறங்கியது.

அடுக்களைக்கணக்கு:
கார்த்தி தம்பி சொன்னது அவர் வேலைக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. 1613-இல் இருந்து ஆப் வழக்கம்போல் 500-ஐக் கழித்தால் மிஞ்சுவது 1113. காலையில் சமைத்து, பஸ் பிடித்து, ஒன்பது மணி நேரம் சேலை எடுத்துப் போடுகிறவர் அந்தச் சாப்பாட்டில் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். சாயங்காலம் தலை சுற்றும், ராத்திரி வந்து பசியில் கண்டதையும் சாப்பிடத் தோன்றும். ஊட்டச்சத்து ஆலோசனை வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆப் செய்யும் கணக்கு ரொம்பச் சின்னது. 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரப்படி, சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்புக்கு 1344 கலோரி வேண்டும் (எடையைப் பத்தால், உயரத்தை 6.25-ஆல், வயதை ஐந்தால் பெருக்கி, முதல் இரண்டைக் கூட்டி, மூன்றாவதையும் 161-ஐயும் கழிப்பது). அதை 1.2, 1.375, 1.55, 1.725 என்று ஏதாவது ஒன்றால் பெருக்குகிறது, அவ்வளவுதான். 1.2 என்பது அநேகமாக நாற்காலியை விட்டே எழாதவருக்கான எண்.

அந்தப் பெயர்களை விட்டுவிட்டு உங்கள் 24 மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, சும்மா படுத்திருக்கும்போது ஆகும் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று. தூக்கம் 1, பஸ் பயணம் 1.2, ஓய்வு 1.4, சாப்பிடுவது 1.5, சமையல் 2.1, குளியல், உடுத்துதல் 2.3, வீட்டு வேலை 2.8, நடை 3.2. கடையில் நின்றபடி சரக்கு அடுக்குவதற்கென்றே 2.2 என்று இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்டேன்: தூக்கம் 7 மணி, சமையல் 2, சாப்பாடு, பஸ், நடை, குளியல், வீட்டு வேலை, ஓய்வு ஒவ்வொன்றும் 1. மிச்சமுள்ள ஒன்பது மணி கடையில் நான்கு மணி சேலை எடுப்பதும் அடுக்குவதும், ஐந்து மணி சும்மா நிற்பது. சும்மா நிற்பதற்கு, உட்கார்ந்து கடை பார்ப்பதற்கான 1.5-ஐயே போட்டிருக்கிறேன். ஒவ்வொரு எண்ணையும் அதன் மணி நேரத்தால் பெருக்கி எல்லாம் கூட்டினால் 40-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. 24-ஆல் வகுத்தால் 1.66. ஆப் 1344-ஐப் பெருக்கும் எண்ணுக்கு இதுதான் ஈடு.

அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்த நேரத்தை நாம் தாராளமாகவே சொல்லுவோம், அதில் கார்த்தி சொன்னது சரி. இந்தச் சூத்திரங்களும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதனால் ஒரு படி இறங்கி 1.55, அதாவது ‘நடுத்தரம்’ என்று போடுங்கள். 2083 வரும். அதில் 350, 400 குறைத்து 1700 பக்கம் சாப்பிடத் தொடங்குங்கள்.

பஸ்ஸுக்கு நடப்பது இந்த எண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது. அதை ‘உடற்பயிற்சி’ என்று தனியாகப் பதிய வேண்டாம். போனில் நடையை ஆப்போடு இணைத்திருந்தால் அதையும் துண்டித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நடைக்கு இரண்டு தடவை சோறு கணக்காகும்.

ஸ்டூலில் தாராளமாக உட்காருங்கள். நிற்பதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் நிமிஷத்துக்கு சுமார் 0.15 கலோரிதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்பது கலோரி. அதற்காகக் காலை வீங்க வைத்துக்கொள்ளாதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, அது உங்கள் உரிமை. கலோரியைச் செலவழிப்பது குடோன் படியும், கையில் இருக்கிற கட்டும், நடையும்தான்.

பாளைவாசி:
கையில் கட்டும் வாட்ச் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே? கடையில் அதற்குத் தடை இருக்காது.

அடுக்களைக்கணக்கு:
எத்தனை அடி நடந்தோம் என்று தெரிந்துகொள்ள வாங்கலாம். அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிட முடியாது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு. அதோடு, இவர் கை நாள் முழுக்க சேலையை விரித்து மடித்துக்கொண்டே இருக்கும். அதையும் நடை என்று சில வாட்ச் எண்ணிவிடும்.

சேலைப்பிரிவு:
ரொம்ப நன்றி அக்கா. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நிற்கவே நேரம் இருக்காது, ராத்திரி பத்தரை ஆகிவிடும். பொங்கல் முடிந்தால் கடையே காலி. அப்போதும் இதே 1.55-ஆ? இன்னொன்று, இந்த எண் எனக்குச் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுக்களைக்கணக்கு:
இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில், எதுவும் சாப்பிடாமல் எடை பார்த்து அந்த வாரத்துச் சராசரியை எழுதுங்கள். மாதவிலக்கு சமயத்தில் நீர் தேங்கி எடை ஏறும். அதனால் இந்த வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல், நான்கு வாரம் தள்ளி, மாதவிலக்குச் சுழற்சியில் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7700 கலோரி. தினம் 380 குறைத்தால் 28 நாளில் 1.4 கிலோ பக்கம் இறங்கவேண்டும். அப்படி இறங்கினால் 1.55 உங்களுக்குச் சரி. இரண்டரை கிலோ போய்விட்டால் உங்கள் உழைப்பு நாம் நினைத்ததைவிட அதிகம், சாப்பாட்டை 300 கூட்டுங்கள். எடை அசையவே இல்லையென்றால் முதலில் தாளிக்கிற எண்ணெயையும், கடையில் வாங்கித் தரும் டீயின் சர்க்கரையையும் கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் 1.375-க்கு இறக்குங்கள்.

சீசன் கேள்வி நல்ல கேள்வி. ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் எடை குறைக்கவே முயல வேண்டாம். 1.725 என்று மாற்றி, அது காட்டும் 2300-ஐ முழுசாகச் சாப்பிடுங்கள். பத்தரை வரை ஓடுகிற உடம்புக்குத் தூக்கமும் குறையும், அப்போது பட்டினி போட்டால் சர்க்கரைக்கும் நல்லதில்லை. தை பாதியில் மறுபடி 1.375-க்கோ 1.55-க்கோ வந்து, அந்த மாதங்களில் குறையுங்கள். டாக்டர் பின்னால் சர்க்கரைக்கு மாத்திரை ஏதும் தொடங்கினால், சாப்பாட்டைக் குறைத்திருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.