புதுப்பிப்பு: மெசூசாக்களைத் திரும்ப மாட்டியாச்சு

இஸ்ரேலின் பெதா திக்வாவில் நான் பராமரிப்பு வேலை பார்க்கும் யூதர் வீட்டில் பெயின்ட் அடிக்க, கதவு நிலைகளில் இருந்த மெசூசாக்களை, அதாவது வேத வரிகள் எழுதிய தோல் சுருள் வைத்த சிறு கூடுகளை, கழற்றியிருந்தார்கள். திரும்ப மாட்டும்போது சாய்வாகவா நேராகவா என்று இங்கே கேட்டிருந்தேன்.

நேராகத்தான். அந்த வீட்டுப் பாட்டி மொராக்கோவில் பிறந்தவர். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழி வந்த செபார்டி யூதர்களின் வழக்கம் அது. மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர் வீடுகளில்தான் மேல்நுனி அறைக்குள் பார்த்தபடி சாய்ந்திருக்கும். நிமிர்த்தி வை என்றார் இடைக்கால யூத அறிஞர் ராஷி, படுக்கவை என்றார் அவர் பேரன் ரப்பேனு தாம். இருவருக்கும் பொதுவாக வந்ததுதான் அந்தச் சாய்வு!

மாட்டும் முன் சுருள்களைச் சோபேரிடம், அதாவது கையால் எழுதித் தருபவரிடம், காட்டினோம். ஏழு ஆண்டில் இருமுறை பார்க்க வேண்டுமாம். உள்ளங்கை அகலத் தோலில் 22 வரி, 713 எழுத்து. வேதத்தின் உபாகமம் நூலில் இருந்து இரண்டு பகுதிகள். சமையலறைச் சுருளில் ஒரே ஒரு எழுத்தில் மை உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான், செல்லாது. சுருள் மட்டும் புதிது, கூடு பழையதே. (விலையே சுருளுக்குத்தான்.)

அப்புறம், யூதர்தான் பொருத்த வேண்டும் என்பதால் ட்ரில் போட்டுக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. நுழையும்போது வலப்பக்கம், நிலையின் மேல் மூன்றில் ஒரு பங்கின் அடியில். பாட்டியின் மகன் ஒருமுறை ஆசி சொல்லி எல்லாவற்றையும் மாட்டினார். குளியலறைக்குக் கிடையாது.

இரட்டைப்பக்க டேப் போதுமா என்று கேட்டவருக்கு: போதும், மேலும் கீழும் ஒட்ட வேண்டும்.